புற்றுநோயைக் குணமாக்கும் பழமா? நாட்றாம்பாளையத்தில் நின்று ஒரு கணக்கு

"காட்டுப் பழம் ஒன்று புற்றுநோய்க் கட்டியைச் சில நாட்களில் கரைத்துவிடுகிறது! விஞ்ஞானிகள் வியப்பு!" இப்படி ஒரு செய்தி அவ்வப்போது நம் கைபேசிக்கு வந்து சேர்கிறது. கூடவே ஒரு சிவந்த பழத்தின் படம். கீழே, "உங்கள் சொந்தபந்தங்கள் அனைவருக்கும் அனுப்புங்கள், ஓர் உயிர் பிழைக்கட்டும்" என்ற வேண்டுகோள். நாமும் நல்ல எண்ணத்தில் அனுப்பிவிடுகிறோம்.

அந்தச் செய்தி முழுப் பொய்யல்ல என்பதுதான் இதில் உள்ள சிக்கல். முழுப் பொய்யாக இருந்தால் மறுத்துவிட்டுப் போய்விடலாம். பாதி உண்மையை அப்படி ஒதுக்க முடியாது. எனவே எது உண்மை, எது நம் ஆசை என்பதை நிதானமாகப் பார்ப்போம். அதையும் ஆய்வுக்கூடத்தில் நின்று பார்க்காமல், இந்தச் செய்தியை நம்பினால் அதிகம் இழக்கக்கூடிய ஓர் ஊரில் நின்று பார்ப்போம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு பக்கம் ஓசூரின் தொழிற்சாலைகள், மறுபக்கம் காவிரிக்கரைக் காடுகள். அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் போகும் மலைப்பாதையில் இருக்கிறது நாட்றாம்பாளையம். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் சுமார் 686 சதுர கிலோமீட்டர் காடு 2022-ல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இவ்வூரைச் சுற்றியுள்ள மலைகளும் அந்தக் காட்டுத் தொடரைச் சேர்ந்தவையே. நெல்லியும் நாவலும் களாவும் இலந்தையும் இங்குள்ளவர்களுக்குக் கடைப் பொருள் அல்ல, காலடியில் கிடைப்பவை. ஆனால் ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றால் அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை தாண்டி ஓசூருக்கோ கிருஷ்ணகிரிக்கோ போக வேண்டும். புற்றுநோய் என்று சந்தேகம் வந்தால் பெரும்பாலோர் நினைப்பது எல்லை தாண்டிய பெங்களூருவைத்தான்.

பழம் பக்கத்தில் இருக்கிறது, மருத்துவமனை தூரத்தில் இருக்கிறது. இப்படிப்பட்ட ஊரில் "பழமே மருந்து" என்ற செய்தி எவ்வளவு எளிதாக நம்பப்படும் என்று சொல்லத் தேவையில்லை.

அந்தப் பழம் எது?

பெரும்பாலும் அந்தச் செய்தியின் வேர் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. குயின்ஸ்லாந்து மாநிலத்தின் வடபகுதி மழைக்காடுகளில் 'பிளஷ்வுட்' என்ற மரம் வளர்கிறது. உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத மரம் இது. இதன் பழத்தின் விதையிலிருந்து பிரித்தெடுத்த வேதிப்பொருளுக்கு 'டிஜிலானால் டிக்லேட்' என்று பெயர். ஆய்வாளர்கள் அதை 'இபிசி-46' என்ற குறியீட்டாலும் அழைக்கிறார்கள்.

பிரிஸ்பேனில் உள்ள கியூஐஎம்ஆர் பெர்க்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தின் விஞ்ஞானிகள் இதை எலிகளின் கட்டிகளில் ஊசியாகச் செலுத்திப் பார்த்து, 2014-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். கட்டிக்கு உணவளிக்கும் இரத்தக் குழாய்கள் சில மணி நேரத்தில் சிதைந்தன, கட்டி கருகி உதிர்ந்தது, அந்த இடத்தில் புண் ஆறியது. நாம் அனுப்பிக்கொண்டிருக்கும் செய்தி பிறந்தது அன்றைக்குத்தான்.

அடுத்து நாய்களின் தோலில் வரும் 'மாஸ்ட் செல்' என்ற வகைக் கட்டியில் சோதித்தார்கள். ஒரே ஒரு ஊசியில் நான்கு வாரங்களுக்குள் 75 சதவீத நாய்களுக்குக் கட்டி முழுமையாக மறைந்தது. மருந்து கொடுக்கப்படாத நாய்களில் அது 5 சதவீதம் மட்டுமே. இது சாதாரண முடிவல்ல. 2020-ல் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும், அதே ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமும் இதை நாய்களுக்கான மருந்தாக ஏற்றுக்கொண்டன. 'ஸ்டெல்ஃபோன்டா' என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது.

மனிதர்களுக்கு? முதல்கட்டச் சோதனையின் முடிவுகள் 2019-ல் வெளியாயின. 22 நோயாளிகளில் 6 பேருக்குக் கட்டியில் பலன் தெரிந்தது, அவர்களில் 4 பேருக்கு ஊசி போட்ட கட்டி முழுமையாக மறைந்தது. முதல்கட்டச் சோதனையின் முக்கிய நோக்கம் மருந்து பாதுகாப்பானதா, எவ்வளவு கொடுக்கலாம் என்று பார்ப்பதுதான். அந்த அளவில் இது நம்பிக்கை தரும் செய்தி. அதன்பிறகு தசை, கொழுப்பு போன்ற மென்திசுக்களில் வரும் புற்றுநோய்க்கு இரண்டாம் கட்டச் சோதனை தொடங்கியது. எலியில் முடிவு வெளியாகிப் பத்தாண்டுகள் கடந்தும் மனிதர்களுக்கு அது இன்னும் சோதனையில் இருக்கும் மருந்துதான்.

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, இது சாப்பிடும் மருந்தல்ல. கட்டிக்குள்ளேயே செலுத்தும் ஊசி. எனவே ஊசி எட்டும் இடத்தில் கட்டி இருக்க வேண்டும். உடலெங்கும் பரவிவிட்ட நோய்க்கும் இரத்தப் புற்றுநோய்க்கும் இது பதிலல்ல. இரண்டாவது, மருந்து வந்தது பழச் சதையிலிருந்து அல்ல, நச்சுத்தன்மை கொண்ட விதையிலிருந்து. மூன்றாவது, நாய்க்குப் பலன் தந்தது எல்லாம் மனிதருக்கும் தரும் என்று சொல்ல முடியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் சோதனைகள் நடக்கின்றன.

நம் ஊர் நேர்வாளம் சொல்லும் பாடம்

இந்தக் கதையில் நமக்கு நெருக்கமான ஒரு திருப்பமும் உண்டு. பிளஷ்வுட் மரங்கள் குறைவு. விதையிலிருந்து கிடைக்கும் மருந்தும் குறைவு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பால் வெண்டர் என்ற வேதியியல் பேராசிரியரின் குழு, இந்த மருந்தை ஆய்வகத்திலேயே செய்யும் வழியை 2022-ல் வெளியிட்டது. அவர்கள் தொடக்கப் பொருளாக எடுத்துக்கொண்டது 'ஃபோர்பால்'. அது கிடைப்பது நேர்வாள விதையிலிருந்து.

நேர்வாளம் நம் சித்த வைத்தியர்களுக்கு நன்கு தெரிந்த செடி. கடுமையான பேதி மருந்து. சுத்தி செய்யாமல் அதைத் தொடக்கூடாது என்பது அவர்களுக்குப் பாலபாடம். ஏன் என்பதற்கு நவீன அறிவியலும் ஒரு காரணம் சொல்கிறது. 1940-களிலேயே ஆய்வாளர்கள் நேர்வாள எண்ணெயை எலிகளின் தோலில் தொடர்ந்து தடவிப் பார்த்தார்கள். புற்றுநோய் தூண்டப்பட்ட தோலில் அந்த எண்ணெய் கட்டிகளை வளர்த்துவிட்டது. அதற்குக் காரணம் ஃபோர்பால் குடும்பத்தைச் சேர்ந்த வேதிப்பொருட்களே.

ஒரே விதை, ஒரே வேதிக் குடும்பம். அதில் ஒரு மூலக்கூறு புற்றுநோயை வளர்க்கிறது. சிறிது மாற்றிய இன்னொரு மூலக்கூறு கட்டியை அழிக்கிறது. "மூலிகைதானே, தீங்கு வராது" என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் வார்த்தைக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டுமா?

நெல்லியும் நாவலும் என்ன ஆயிற்று?

"ஆஸ்திரேலியப் பழம் இருக்கட்டும், நம் நெல்லிக்காயில் புற்றுநோயைத் தடுக்கும் சத்து இருப்பதாகச் சொல்கிறார்களே?" என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

நெல்லியில் காலிக் அமிலம், எலாஜிக் அமிலம் போன்றவை உள்ளன. நாவல் பழத்தின் கருநீலத்துக்குக் காரணம் ஆந்தோசயனின் என்ற நிறமிகள். இவற்றின் சாறுகளைக் கண்ணாடித் தட்டில் வளர்க்கப்பட்ட புற்றுநோய்ச் செல்கள் மீது ஊற்றினால் செல்கள் இறக்கின்றன. இந்தியப் பல்கலைக்கழகங்கள் உட்படப் பல இடங்களிலிருந்து இப்படிப்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் வருகின்றன. பொய் எதுவும் இல்லை.

ஆனால் கண்ணாடித் தட்டு மனித உடல் அல்ல. தட்டில் ஊற்றும் அடர்த்தியை இரத்தத்தில் கொண்டுவர எத்தனை கூடை பழம் சாப்பிட்டாலும் போதாது. சாப்பிட்டதில் பெரும்பகுதியைக் குடலும் கல்லீரலும் மாற்றி வெளியேற்றிவிடும். மஞ்சளில் உள்ள குர்குமின் இதற்கு நல்ல உதாரணம். ஆய்வகத்தில் அது பல ஆண்டுகளாக நட்சத்திரம். அதுபற்றிய ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்த வேதியியல் ஆய்வாளர்கள் 2017-ல் சொன்னது என்ன? முறையான மனிதச் சோதனை ஒன்றில்கூட அது தெளிவான வெற்றி பெறவில்லை என்பதுதான்.

பழத்தின் சத்தைப் பிரித்து மாத்திரையாக்கினால் பலன் கூடுமா? அதையும் உலகம் சோதித்துப் பார்த்திருக்கிறது. காய்கறி, பழம் அதிகம் உண்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருவதைக் கண்ட விஞ்ஞானிகள், கேரட் முதலியவற்றில் உள்ள பீட்டா கரோட்டின்தான் காப்பாற்றுகிறது என்று எண்ணினார்கள். பின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பிடிப்பாளர்களை வைத்துப் பெரிய சோதனை நடந்தது. 1994-ல் வந்த முடிவு எல்லோரையும் திடுக்கிட வைத்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்திருந்தது! அமெரிக்காவில் நடந்த இன்னொரு சோதனையும் இதே காரணத்தால் 1996-ல் பாதியில் நிறுத்தப்பட்டது.

எனவே நெல்லி சாப்பிடுங்கள், நாவல் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்கும் கொடுங்கள். உணவாகச் சாப்பிடும் பழம் உடலுக்கு நல்லது என்பதில் சந்தேகமில்லை. வந்துவிட்ட புற்றுநோய்க்கு அது சிகிச்சை என்பதற்கு மட்டும் ஆதாரம் இல்லை.

முள் சீத்தாவும் கருஞ்சீரகமும்

நம் பகுதியில் அதிகம் பரவும் இன்னொரு செய்தி முள் சீத்தாப்பழம் பற்றியது. "கீமோதெரபியைவிடப் பத்தாயிரம் மடங்கு வலிமையானது" என்று அது சொல்லும். எந்த மனிதச் சோதனையிலிருந்தும் வந்த எண் அல்ல அது. மாறாக, முள் சீத்தாவை அதிகம் உண்ணும் கரீபியன் தீவான குவாதலூப்பில், பார்க்கின்சன் நோயைப் போன்ற நரம்புத் தளர்ச்சி வழக்கத்துக்கு மாறாகக் காணப்படுவதை மருத்துவர்கள் 1999-ல் பதிவு செய்தார்கள். அந்தப் பழத்திலும் இலையிலும் உள்ள அன்னோனாசின் என்ற வேதிப்பொருள்மீது சந்தேகம் திரும்பியது. எப்போதாவது ஒரு பழம் சாப்பிடுவது வேறு. இலைக் கஷாயத்தை மாதக்கணக்கில் குடிப்பது வேறு.

வாதுமை போன்ற பழங்களின் விதைப் பருப்பிலிருந்து வந்த 'லேட்ரில்' கதை இன்னும் கசப்பானது. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானோர் அதை நாடி அலைந்தார்கள். கடைசியில் 178 நோயாளிகளிடம் முறையாகச் சோதித்து 1982-ல் முடிவை வெளியிட்டார்கள். யாருக்கும் குணமாகவில்லை. சிலருடைய இரத்தத்தில் சயனைடு நச்சு ஆபத்தான அளவை நெருங்கியிருந்தது.

நம் சமுதாயத்தில் கருஞ்சீரகத்தின் பெயரும் இப்படிப் பயன்படுத்தப்படுகிறது. கருஞ்சீரகத்தின்மீது நமக்குள்ள மதிப்பு மார்க்கம் சார்ந்தது. அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த மதிப்பை விளம்பரமாக்கி, "புற்றுநோய் முற்றிலும் குணமாகும், ஆஸ்பத்திரி வேண்டாம்" என்று ஆயிரக்கணக்கில் பணம் வாங்குபவர் மார்க்கத்தின் பெயரால் வியாபாரம் செய்கிறார். நோய் வந்தால் மருத்துவம் செய்துகொள்வதே நமக்குக் காட்டப்பட்ட வழி. அந்த வழியை அடைப்பதற்கு அதே மார்க்கத்தின் பெயரைப் பயன்படுத்துவதை நாம் அனுமதிக்கலாமா?

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம், புற்றுநோயைக் குணமாக்குவதாக எந்த மருந்துக்கும் விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. அலோபதியானாலும் சித்தாவானாலும் யுனானியானாலும் ஆயுர்வேதமானாலும் இது பொருந்தும். நோய்களைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்ததற்காகப் பதஞ்சலி நிறுவனம் 2024-ல் உச்ச நீதிமன்றத்தில் மன்னிப்புக் கேட்க நேர்ந்ததை நாம் அறிவோம். பெரிய நிறுவனத்தை நீதிமன்றம் பிடித்துவிட்டது. கைபேசியில் எண் மட்டும் கொடுத்து விற்பவரை யார் பிடிப்பது?

மூலிகை மருந்து மருத்துவமனையில்தான் இருக்கிறது

நம்மில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. "கீமோ வேண்டாம், மூலிகை போதும்" என்று மறுக்கும் நோயாளி பல நேரங்களில் மூலிகையைத்தான் மறுக்கிறார்.

வீட்டு வாசலிலும் அடக்கத்தலங்களிலும் பூத்துக் குலுங்கும் நித்தியகல்யாணியை எடுத்துக்கொள்வோம். அதைச் சர்க்கரை நோய்க்குக் கஷாயமாகக் குடிக்கும் வழக்கம் பல நாடுகளில் இருந்தது. ஜமைக்காவிலிருந்து வந்த இலைகளைக் கனடாவில் ராபர்ட் நோபல், சார்லஸ் பீர் என்ற இரு விஞ்ஞானிகள் 1950-களில் சோதித்தார்கள். சர்க்கரை குறையவில்லை. ஆனால் எலிகளின் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சரிந்தன. அந்த ஏமாற்றத்திலிருந்து பிறந்த மருந்து வின்பிளாஸ்டின். அதன் உடன்பிறப்பான வின்கிரிஸ்டின் அமெரிக்காவில் 1963-ல் அனுமதி பெற்றது. அதற்கு முன் இரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகள் ஏறக்குறைய அனைவரும் இறந்தார்கள். வின்கிரிஸ்டினையும் வேறு சில மருந்துகளையும் சேர்த்துக் கொடுக்கும் முறை வந்தபின், நல்ல வசதியுள்ள மையங்களில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிழைக்கிறார்கள்.

அந்த நித்தியகல்யாணி தமிழகத்தின் தென்மாவட்ட மானாவாரி நிலங்களில் பயிராகி, மருந்துக்காக வெளிநாடுகளுக்கும் ஏற்றுமதியானது. ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை தேவை. வீட்டில் நாலு இலையைக் கொதிக்க வைத்துக் குடிப்பவருக்கு அந்த மருந்து கிடைக்காது. கிடைப்பது செடியின் மற்ற நச்சுகள்தான்.

பாக்லிடாக்சல் என்ற மருந்தும் இப்படித்தான். சிவப்புப் பழம் தரும் பசிபிக் யூ மரத்திலிருந்து அது வந்தது. மருந்து இருந்தது பழத்தில் அல்ல, பட்டையில். 1962-ல் பட்டை சேகரிக்கப்பட்டது. 1971-ல் அதன் வேதி அமைப்பை வெளியிட்டவர்களில் ஒருவர் மகாராஷ்டிர மாநிலம் நந்துர்பாரில் பிறந்த மன்சுக் வாணி. சூலகப் புற்றுநோய்க்கு அமெரிக்கா அனுமதி அளித்தது 1992-ல். மரத்திலிருந்து நோயாளிக்கு வந்து சேர முப்பது ஆண்டுகள்! இமயமலையில் சிவந்த பழம் தரும் இன்னொரு செடியின் கிழங்கிலிருந்து வரும் பொருளே எட்டோபோசைட் என்ற மருந்துக்கு மூலம்.

வின்கிரிஸ்டின், பாக்லிடாக்சல், எட்டோபோசைட் மூன்றும் இந்தியாவின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் உள்ளன. அவற்றின் விலைக்கு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் அவை கிடைக்கின்றன. காட்டிலிருந்து வந்த மருந்து, அளவு பார்த்து, சுத்தம் செய்து, சோதித்து, ஊசிக் குப்பியில் காத்திருக்கிறது. நாம் அதைவிட்டு மறுபடியும் காட்டைத் தேடி ஓடுகிறோம்.

தாமதத்தின் விலை

"மூலிகையைச் சாப்பிட்டுப் பார்ப்போம், கேட்கவில்லை என்றால் ஆஸ்பத்திரி போவோம்" என்பதுதான் பொதுவான வாதம். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் அந்த இடைவெளியில் கட்டி சும்மா இருப்பதில்லை.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பரவாத நிலையில் புற்றுநோய் கண்டறியப்பட்டும் மாற்று மருத்துவத்தை மட்டுமே தேர்ந்தெடுத்த 281 பேரின் விவரங்களை, வழக்கமான சிகிச்சை பெற்ற 560 பேருடன் ஒப்பிட்டார்கள். முடிவு 2018-ல் அச்சானது. மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பியவர்களின் இறப்பு அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் அது ஐந்தரை மடங்குக்கும் மேல். காரணம் எளிது. மார்பகப் புற்றுநோய் தொடக்கத்தில் பிடித்தால் குணமாகக்கூடிய நோய். குணமாகக்கூடிய நாட்களைக் கைவிட்டவர்களே அதிகம் இழந்தார்கள்.

இந்தியாவில் 2022-ல் மட்டும் சுமார் 14.6 லட்சம் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் வந்திருக்கும் என்று தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் மதிப்பிட்டது. நம் நாட்டில் கணிசமானோர் நோய் முற்றிய பிறகே மருத்துவரிடம் வருகிறார்கள். அந்தத் தாமதத்துக்குப் பல காரணங்கள்: பயம், வறுமை, பஸ் வசதி, "மார்பில் கட்டி என்று எப்படி வெளியில் சொல்வது" என்ற பெண்களின் கூச்சம். அந்தக் காரணங்களோடு நாம் அனுப்பும் பழச் செய்தியும் ஒன்றாகச் சேர்ந்துவிடக் கூடாது.

நாட்றாம்பாளையத்தில் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். அம்மாவின் மார்பில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. வலி இல்லை. மகன் ஓசூர் சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி. விடுப்பு எடுத்தால் கூலி போகும். யாரோ ஒருவர் பொடி தருகிறார். மூன்று மாதம் சாப்பிடுகிறார்கள். கட்டி அப்படியே இருப்பதாகத் தோன்றுகிறது. இன்னும் மூன்று மாதம். அக்குளில் இன்னொரு கட்டி வந்தபிறகுதான் பஸ் ஏறுகிறார்கள். பொடிக்குப் போன பணத்தை மீண்டும் சம்பாதித்துவிடலாம். அந்த ஆறு மாதத்தை எங்கே போய் வாங்குவது?

எல்லையில் நிற்கும் உண்மையான எதிரி

பழத்தைப் பற்றி இவ்வளவு பேசும் நாம் இந்த எல்லைப் பகுதியின் கண்முன் நிற்கும் எதிரியைப் பற்றிப் பேசுவதில்லை. தமிழ்நாட்டில் 2013 முதல் குட்காவும் பான் மசாலாவும் தடை செய்யப்பட்டவை. ஆனால் கர்நாடகத்திலிருந்து ஓசூர் வழியாகக் கடத்தி வரப்பட்ட குட்கா மூட்டைகள் பிடிபட்டதாக நாளிதழ்களில் செய்தி வராத மாதம் அரிது. வாய்ப் புற்றுநோய்க்கு மெல்லும் புகையிலை காரணம் என்பதில் விஞ்ஞானிகளிடையே கருத்து வேறுபாடே இல்லை. உறுதியாகத் தெரிந்த காரணத்தைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, உறுதியாகத் தெரியாத மருந்தைத் தேடுவது என்ன நியாயம்?

இரவுப் பணியில் தூக்கம் வராமல் இருக்க ஹான்ஸ் போடும் இளைஞரைத் தொழிற்சாலை வாசலில் பார்க்கிறோம். அவரிடம் நெல்லிக்காயின் மகிமையைச் சொல்வதைவிட அந்தப் பொட்டலத்தைக் கீழே போடச் சொல்வதே புற்றுநோய்த் தடுப்பு.

நாம் என்ன செய்யலாம்?

1. இரண்டு மூன்று வாரங்களாகியும் ஆறாத வாய்ப்புண், வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, மார்பிலோ கழுத்திலோ கட்டி, மாதவிடாய் நின்ற பிறகு இரத்தப்போக்கு, விழுங்குவதில் சிரமம், காரணமில்லாத எடைக் குறைவு. இவற்றில் எது வந்தாலும் முதல் பயணம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு. வாய், மார்பகம், கருப்பை வாய்ப் பரிசோதனைகளைப் பற்றி அங்கே கேளுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்டதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். வீட்டுக்கு வரும் அந்தப் பணியாளரிடம் கூச்சமின்றிச் சொல்லலாம்.

2. எல்லை தாண்டும் முன் அட்டையைப் பாருங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுப் பிரிவில், எந்த மருத்துவமனையில் அட்டை செல்லும் என்று கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். ஆலைத் தொழிலாளர்கள் ஈ.எஸ்.ஐ. அட்டையை மறக்க வேண்டாம். தொழிலாளியைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கும் அதில் மருத்துவ வசதி உண்டு. புற்றுநோயாளிக்கும் துணைக்குச் செல்பவருக்கும் ரயில் கட்டணச் சலுகையும் உண்டு.

3. பெங்களூருவில் கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை, காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவு அரசு புற்றுநோய் மருத்துவமனை, சென்னை அடையாறில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை ஆகியவை ஏழைகளுக்கும் கதவு திறந்தவை. தனியாரிடம் நிலத்தை அடகு வைக்கும் முன் இவற்றின் வாசலை மிதியுங்கள்.

4. சித்த, யுனானி மருந்து எடுப்பவர்கள் அதைப் புற்றுநோய் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். பம்பளிமாஸ் இனத்தைச் சேர்ந்த கிரேப் ஃபுரூட் பழம்கூடச் சில மருந்துகளின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும். சாதாரணப் பழத்துக்கே இந்த நிலை என்றால், பெயர் தெரியாத பொடிக்கு என்ன சொல்வது?

5. அடுத்த முறை பழச் செய்தி வரும்போது நான்கு கேள்விகள் கேளுங்கள். தட்டிலா, எலியிலா, மனிதரிலா? எத்தனை மனிதர்? சாப்பிட்டார்களா, ஊசியா? மருந்து கொடுக்கப்படாதவர்களோடு ஒப்பிட்டார்களா? பதில் இல்லை என்றால் அந்தச் செய்தி உங்கள் கைபேசியோடு நிற்கட்டும்.

நம் ஜமாஅத்துகளும் ஊர்ப் பெரியவர்களும் இதில் நிறையச் செய்ய முடியும். ஆண்டுக்கு ஒரு நாள் அரசு மருத்துவர்களை அழைத்து மலைக் கிராமங்களில் பரிசோதனை முகாம் நடத்தலாம். பெண்களுக்குப் பெண் மருத்துவர் பார்ப்பதை உறுதி செய்யலாம். சந்தேகம் என்று எழுதப்பட்டவரைப் பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப்போக ஒருவரைப் பொறுப்பாக்கலாம். பணம் இல்லாமல் பாதியில் நிற்கும் சிகிச்சைகளை விசாரித்து அறியலாம். மதம் பார்த்து வரும் நோயல்ல இது. உதவியும் மதம் பார்க்கத் தேவையில்லை.

குயின்ஸ்லாந்துக் காட்டுப் பழம் ஒருநாள் மனிதருக்கும் மருந்தாகலாம். நம் மலைகளில் உள்ள ஏதோ ஒரு செடியும் அப்படி ஆகலாம். ஆகட்டும் என்றே நாமும் பிரார்த்திக்கிறோம். அந்த நாள் வரும்போது அந்த மருந்து மருத்துவமனை வழியாகத்தான் நம்மிடம் வரும், அஞ்செட்டிச் சந்தையில் பொட்டலமாக அல்ல. அதுவரை, நாட்றாம்பாளையத்திலிருந்து காலையில் புறப்படும் பஸ்ஸில் அந்த அம்மாவை இன்றே ஏற்றிவிடுவதுதான் நம் கையில் இருக்கும் மருந்து.